கிளைவிட்ட பாலிமர்கள்: மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவின் தோலைக் கிழிக்கும் வேதியியல்

2010 ஆகஸ்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர் கார்த்திகேயன் குமாரசாமி. ஆன்டிபயாடிக்கைச் செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 என்ற நொதியைச் சுமந்த பாக்டீரியா மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 என்று அந்தக் கட்டுரை கணக்குக் கொடுத்தது. நொதியின் பெயரில் புதுதில்லி இருந்ததால் நாடாளுமன்றம் வரை சர்ச்சை போனது. பெயரைப் பற்றி அத்தனை பேர் பேசியதில், கட்டுரையில் இருந்த உண்மையான அபாயச் செய்தி பலர் கண்ணில் படவில்லை. அந்தப் பாக்டீரியாவில் பெரும்பாலானவை டைகிசைக்ளின், கோலிஸ்டின் என்ற இரண்டு மருந்துகளுக்கு மட்டுமே கட்டுப்பட்டன. மற்ற மருந்துகள் எல்லாம் கைவிட்டுவிட்டன.

அந்த இரண்டில் கோலிஸ்டினைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிளைவிட்ட பாலிமர்கள் என்னும் புதிய ஆராய்ச்சி எதை எட்டிப்பிடிக்கப் பார்க்கிறது என்பது அந்தப் பழைய மருந்து வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது.

நாம் வழக்கமாக விழுங்கும் ஆன்டிபயாடிக் ஒவ்வொன்றும் பாக்டீரியாவுக்குள் ஏதாவது ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாக்குகிறது. பென்சிலின் குடும்பம், செல் சுவரைப் பின்னும் நொதிகளில் போய் ஒட்டிக்கொள்கிறது. சிப்ரோஃபிளாக்சசின், டிஎன்ஏவை முறுக்கவும் பிரிக்கவும் உதவும் நொதியை நிறுத்துகிறது. அசித்ரோமைசின், புரதம் தயாராகும் ரைபோசோமில் குறுக்கே நிற்கிறது. இலக்கு துல்லியமாக இருப்பதால்தான் மருந்து நம் செல்களை விட்டுவிட்டுப் பாக்டீரியாவை மட்டும் கொல்கிறது. ஆனால் இலக்கு ஒன்றே ஒன்று என்பதால், அந்த ஒன்றைப் பாக்டீரியா சற்றே மாற்றிக்கொண்டால் மருந்து வீண். மெதிசிலின் என்ற பென்சிலின் வகை மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியான எம்ஆர்எஸ்ஏ செய்தது அதைத்தான்: பென்சிலின் ஒட்ட முடியாத வேறொரு நொதியை வைத்துச் சுவரைக் கட்டிக்கொண்டது. மெதிசிலின் அறிமுகமானது 1959இல். அடங்காத கிருமி பிரிட்டனில் 1961இலேயே தென்பட்டுவிட்டது. என்டிஎம்-1 வேறு தந்திரம். அது மருந்து மூலக்கூறையே வெட்டிப் போட்டுவிடுகிறது. இன்னும் சில பாக்டீரியா உள்ளே நுழைந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளுகின்றன. இந்தத் தந்திரங்களுக்கான மரபணுக்கள் பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையங்களில் ஏறி, ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்துக்குக்கூடத் தாவுகின்றன.

2019ஆம் ஆண்டில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் நேரடியாக ஏற்பட்ட மரணங்கள் உலக அளவில் சுமார் 12.7 லட்சம் என்று 2022இல் லான்செட்டில் வந்த விரிவான மதிப்பீடு சொல்கிறது. அவை ஏதோ ஒருவகையில் பங்கு வகித்த மரணங்களையும் சேர்த்தால் 49.5 லட்சம்.

தோலைக் குறிவைத்தல்

இனி கோலிஸ்டினுக்கு வருவோம். அது உள்ளே இருக்கும் எந்த நொதியையும் தேடிப் போவதில்லை. பாக்டீரியாவின் வெளித் தோலையே தாக்குகிறது.

ஈ.கோலை, கிளெப்சியெல்லா, அசினெடோபாக்டர், சூடோமோனாஸ் போன்றவை கிராம்-நெகடிவ் வகை. இவற்றுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வின் மேற்பரப்பில் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த மூலக்கூறுகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றில் பாஸ்பேட் தொகுதிகள் இருப்பதால் அந்தப் பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. ஒரே மின்னூட்டம் உள்ளவை ஒன்றையொன்று தள்ளவேண்டும் அல்லவா? தள்ளாமல் பிடித்து வைத்திருப்பவை இடையிடையே அமர்ந்திருக்கும் மக்னீசியம், கால்சியம் அயனிகள். இரண்டு நேர்மின்னூட்டம் கொண்ட இந்த அயனிகள்தான் அந்தப் பரப்பை இறுக்கிக் கட்டுகின்றன.

கோலிஸ்டின் ஒரு சிறு பெப்டைடு வளையம். அதில் ஐந்து நேர்மின்னூட்டங்களும், கொழுப்பில் கரையும் ஒரு வாலும் உண்டு. நேர்மின்னூட்டங்கள் அந்த மக்னீசியத்தையும் கால்சியத்தையும் இடம்பெயர்த்துவிட்டு உட்கார்ந்துகொள்கின்றன. வால் சவ்வுக்குள் செருகிக்கொள்கிறது. கட்டு அவிழ்ந்து சவ்வு ஓட்டையாகிறது, பாக்டீரியா சாகிறது. இந்த இரண்டு அம்சங்களையும், அதாவது நேர்மின்னூட்டம், எண்ணெய்ப் பசை போன்ற நீர் விலக்கும் பகுதி ஆகியவற்றை மறக்கவேண்டாம். இனி வரப்போகும் எல்லாமே இவை இரண்டையும் எந்த வடிவத்தில், எந்த அளவில் கோப்பது என்ற கேள்விதான்.

கோலிஸ்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று 1970களில் அதை ஓரங்கட்டினார்கள். வேறு வழியில்லாத நிலை வந்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அதைத் தூசு தட்டி எடுத்தன. 2015 நவம்பரில் சீனாவிலிருந்து அடுத்த செய்தி வந்தது: கோலிஸ்டினுக்கும் அடங்காத தன்மையைத் தரும் மரபணு ஒன்று பிளாஸ்மிட்டில் ஏறிப் பரவிக்கொண்டிருக்கிறது. கோழி, பன்றிப் பண்ணைகளில் தீவனத்தோடு அதை அள்ளிப் போட்டதன் பலன் இது. இந்தியா 2019 ஜூலையில்தான் உணவுக்கான கால்நடைகளுக்குக் கோலிஸ்டின் கொடுப்பதைத் தடை செய்தது.

சவ்வைத் தாக்கும் உத்தியை மனிதர்கள் கண்டுபிடிக்கவில்லை. 1987இல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப், ஆய்வகத்தில் அறுவை செய்த ஆப்பிரிக்கத் தவளைகளை அழுக்குத் தொட்டியில் விட்டபோதும் அவற்றின் புண் சீழ்பிடிக்காமல் ஆறுவதைக் கவனித்தார். தவளையின் தோலிலிருந்து 23 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைடைப் பிரித்தெடுத்தார். மேகெய்னின் என்று பெயர் வைத்தார். பூச்சிகள், தாவரங்கள், நம் உடல் எல்லாவற்றிலும் இதுபோன்ற பெப்டைடுகள் உண்டு. எல்லாவற்றிலும் அதே இரண்டு அம்சங்கள்: ஒரு பக்கம் நேர்மின்னூட்டம், மறுபக்கம் எண்ணெய்த்தன்மை.

அப்படியென்றால் இவற்றையே மருந்தாக்கலாமே? முயன்றார்கள். மேகெய்னினை மாற்றியமைத்து உருவாக்கிய பூச்சுமருந்துக்கு 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தரவில்லை. பெப்டைடுகளை நம் உடலின் நொதிகள் சீக்கிரமே நறுக்கிவிடுகின்றன. அமினோ அமிலங்களைக் குறிப்பிட்ட வரிசையில் ஒவ்வொன்றாகக் கோப்பதும் செலவு பிடிக்கும் வேலை.

இங்கேதான் பாலிமர் வேதியியலாளர்கள் ஒரு துடுக்கான கேள்வி கேட்டார்கள். சவ்வைக் கிழிக்க வரிசை எதற்கு? நேர்மின்னூட்டமும் எண்ணெய்த்தன்மையும் போதுமென்றால், அவை இரண்டையும் எப்படியாவது ஒரே சங்கிலியில் சேர்த்துவிட்டால் ஆகாதா? 2001இல் அமெரிக்காவின் எம்ஐடியில் அலெக்ஸாண்டர் கிளிபனோவ் குழு, நேர்மின்னூட்டமுள்ள ஒரு பாலிமரைக் கண்ணாடியில் ஒட்டவைத்து, மேலே விழும் பாக்டீரியா சாவதைக் காட்டியது. அந்த ஆய்வகத்தில் பணியாற்றிவிட்டு வந்த ஜயந்த ஹால்தார், பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தில் இந்த வழியில் நீண்ட காலமாக வேலை செய்து வருகிறார்.

கிளை எதற்கு?

பாலிமர் என்பது ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகள் பல நூறு முறை கைகோத்த பெரிய மூலக்கூறு. பாலித்தீன் பையும் பாலிமர்தான், பருத்தி நூலும் பாலிமர்தான். நூல்போல ஒரே நீட்டாகப் போகும் சங்கிலிக்கு நுனிகள் இரண்டே இரண்டு. நடுவில் கிளை பிரிந்தால் நுனி கூடுகிறது. கிளையிலும் கிளை பிரிந்தால் நுனிகள் பெருக்கல் கணக்கில் பெருகுகின்றன.

இந்தக் கணக்கைத் தெளிவாகப் பார்க்க டென்ட்ரிமர் என்ற வகை வசதி. ஜெர்மனியின் பான் நகரில் ஃபிரிட்ஸ் ஃபோக்ட்லே 1978இல் முதல் அடி எடுத்து வைத்தார். அமெரிக்காவில் டவ் கெமிக்கல் நிறுவனத்தின் டொனால்ட் டொமாலியா 1985இல் முழு வடிவத்தை வெளியிட்டார். அவருடைய பமாம் டென்ட்ரிமரில் நடுக்கருவிலிருந்து தொடங்கிச் சுற்றுச்சுற்றாகக் கிளைகளை வளர்க்கிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் தலைமுறை என்று பெயர். பூஜ்யம் என்று எண்ணப்படும் தொடக்கத் தலைமுறையில் 4 நுனிகள். அடுத்தடுத்து 8, 16, 32, 64. ஐந்தாம் தலைமுறையில் 128 நுனிகள் கிடைக்கின்றன. மொத்த மூலக்கூறின் விட்டமோ ஐந்தரை நானோமீட்டர்தான். ஓர் ஈ.கோலை பாக்டீரியா சுமார் 2,000 நானோமீட்டர் நீளம் என்பதோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு சிறிய பந்து என்று புரியும். நுனி ஒவ்வொன்றிலும் ஓர் அமீன் தொகுதி. உடலின் நீர்ச்சூழலில் அது நேர்மின்னூட்டம் பெறும். அதாவது, அத்தனை சிறிய பந்தின் மேல் நூற்றுக்கும் அதிகமான நேர்மின்னூட்டங்கள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

நெருக்கம்தான் இதில் விஷயம். நீட்டுச் சங்கிலியிலும் நூறு மின்னூட்டம் வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வைக்கலாம், ஆனால் அவை நீரில் நெளிந்து திரியும் சங்கிலியெங்கும் சிதறிக் கிடக்கும். கிளைவிட்ட மூலக்கூறில் அவை ஒரே இடத்தில் கூட்டாக இருக்கும். வரப்பில் நடந்தால் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் நாயுருவி விதையைப் பார்த்திருப்பீர்கள். அதன் முள் ஒன்று மட்டும் துணியில் பட்டால் உதிர்ந்துவிடும். பல முட்கள் ஒரே நேரத்தில் மாட்டுவதால்தான், ஒன்று விடுபட்டாலும் மற்றவை பிடித்துக்கொள்ள, விடுபட்டது மறுபடியும் மாட்டிக்கொள்கிறது. ஒரு நேர்மின்னூட்டத்துக்கும் ஒரு பாஸ்பேட்டுக்கும் உள்ள ஈர்ப்பு பலவீனமானது. உப்புக் கரைசலில் எளிதில் அறுந்துபோகும். முப்பது நாற்பது ஒரே நேரத்தில் பிடித்தால் அறுவது கடினம். அந்தப் பிடியில் மக்னீசியம், கால்சியம் அயனிகள் கூட்டமாக வெளியேறுகின்றன.

வெறும் ஊகமாக இது நின்றுவிடவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் சென், கூப்பர் ஆகியோர் ஒரு டென்ட்ரிமரின் நுனிகளில் குவாட்டர்னரி அம்மோனியம் தொகுதிகளைக் கட்டி ஈ.கோலை மீது சோதித்தார்கள். மருத்துவமனைத் தரை துடைக்கும் கிருமிநாசினிகளில் இருப்பதும் இதே வகைத் தொகுதிதான். தனியாக ஒரே ஒரு தொகுதி உள்ள சாதாரண மூலக்கூறைவிட டென்ட்ரிமருக்கு ஏறத்தாழ நூறு மடங்கு வீரியம் இருந்தது. கூடவே சுவையான ஒரு விவரமும் கிடைத்தது. நுனியில் தொங்கும் எண்ணெய்ச் சங்கிலியில் பத்து கார்பன் இருந்தபோது விளைவு உச்சம். பன்னிரண்டு, பதினான்கு என்று நீட்டினால் வீரியம் குறைந்தது. எண்ணெய்த்தன்மை கூடக் கூட நல்லது என்று நினைத்தால் அது தவறு.

டென்ட்ரிமர் அழகானது, ஆனால் ஒவ்வொரு தலைமுறையையும் தனித்தனியாக வளர்த்து, சுத்தம் செய்து, அடுத்ததற்குப் போகவேண்டும். பொறுமையும் பணமும் கரையும். எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் போட்டு, கிளைகளைத் தம் போக்கில் வளரவிடுவது மலிவான வழி. இப்படி வருபவை மீக்கிளை பாலிமர்கள். இப்படி நடக்கும் என்று 1952இலேயே பால் ஃப்ளோரி கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். விலை மலிவு, ஆனால் ஒரு மூலக்கூறு போல இன்னொன்று இராது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது நட்சத்திர பாலிமர்: சின்னஞ்சிறு கரு ஒன்று, அதிலிருந்து சுற்றிலும் நீளும் கரங்கள்.

மெல்போர்ன் நட்சத்திரம்

இந்தத் துறையைச் செய்தித்தாள்களின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தது ஒரு நட்சத்திர பாலிமர்தான். 2016 செப்டம்பரில் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் கிரெக் சியாவ் குழுவின் ஆய்வு நேச்சர் மைக்ரோபயாலஜி இதழில் வந்தது. முதன்மையாக வேலை செய்தவர் ஷூ லாம் என்ற முனைவர் பட்ட மாணவி. "ஆன்டிபயாடிக் இல்லாமலே அசுரக் கிருமியை அழித்த 25 வயதுப் பெண்" என்ற பாணியில் உலகெங்கும் தலைப்புகள் ஓடின. தலைப்புகளை ஒதுக்கிவிட்டு மூலக்கூறைப் பார்ப்போம். அது உண்மையாகவே கெட்டிக்காரத்தனமானது.

கருவாக அவர்கள் எடுத்துக்கொண்டது மேலே பார்த்த பமாம் டென்ட்ரிமர், 16 அல்லது 32 நுனி கொண்டது. ஒவ்வொரு நுனியிலிருந்தும் ஒரு கரத்தை வளர்த்தார்கள். கரம் முழுவதும் இரண்டே அமினோ அமிலங்கள்: லைசின், வாலின். லைசின் நேர்மின்னூட்டம் தருவது. வாலின் எண்ணெய்த்தன்மை தருவது. எது எதன் பின்னே வரவேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை. அதனதன் போக்கில் கோத்துக்கொண்டன. ஆகவே இது தவளைப் பெப்டைடின் சாரத்தை, அதன் துல்லியமான வரிசை இல்லாமல், நட்சத்திர வடிவில் ஊற்றி வார்த்தது. பெப்டைடு பாலிமர் என்பதன் சுருக்கத்தைச் சேர்த்து இதற்கு ஸ்னாப் என்று பெயர் வைத்தார்கள்.

ஸ்னாப் கிராம்-நெகடிவ் கிருமிகளின் வெளிச்சவ்வில் குவிந்து அதைக் குலைக்கிறது. துண்டுதுண்டாகப் பெயர்க்கவும் செய்கிறது. பிறகு உட்சவ்வையும் தொடுகிறது. அங்கே அயனிகள் கட்டுப்பாடில்லாமல் உள்ளும் வெளியும் பாய்கின்றன. கடைசியில் செல் தன்னைத்தானே முடித்துக்கொள்வது போன்ற ஒரு மரணமும் தூண்டப்படுகிறது. ஒரே இடத்தில் ஒரே அடி இல்லை. பல இடத்தில் பல அடி. கோலிஸ்டினுக்கே அடங்காத அசினெடோபாக்டரும் இதற்குச் சரிந்தது. அந்தக் கிருமியால் வயிற்றறைத் தொற்று ஏற்படுத்தப்பட்ட எலிகளிலும் மருந்து பலித்தது.

எல்லாரையும் கவர்ந்த வரி வேறொன்று: 600 தலைமுறை வளர்த்தும் பாக்டீரியாவில் எதிர்ப்பு தோன்றவில்லை. 600 தலைமுறை என்றால் மனிதக் கணக்கில் பதினைந்தாயிரம் ஆண்டு போலத் தோன்றும். ஆனால் நல்ல சாப்பாடு கிடைத்தால் ஈ.கோலை இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அந்த வேகத்தில் 600 தலைமுறை என்பது இருநூறு மணி நேரம். எட்டு நாளைக்குச் சற்று அதிகம். பல ஆன்டிபயாடிக்குகளுக்கு இதே கால அளவில் எதிர்ப்பு முளைத்துவிடும் என்பதால் இந்த முடிவுக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒரு மருந்து உலகின் மருத்துவமனைகளிலும் பண்ணைகளிலும் சாக்கடைகளிலும் இருபது ஆண்டு புழங்குவது வேறு, எட்டு நாள் குடுவையில் புழங்குவது வேறு.

சவ்வையே தாக்கினால் பாக்டீரியாவால் எதிர்ப்பை உருவாக்கவே முடியாது என்று பல கட்டுரைகள் அடித்துச் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. தன் தோலின் எதிர்மின்னூட்டத்தைக் குறைக்கப் பாக்டீரியாவுக்கு ஏற்கெனவே தெரியும். ஸ்டாஃபிலோகாக்கஸ் தன் சவ்வுக் கொழுப்பில் லைசினை ஒட்டவைத்து மின்னூட்டத்தைச் சமன்செய்கிறது. சுவரில் தொங்கும் அமிலச் சங்கிலிகளில் அலனினைக் கட்டிக்கொள்வதும் உண்டு. 2015இல் சீனாவில் பிடிபட்ட கோலிஸ்டின் மரபணுவின் வேலையும் இதுவே: வெளிச்சவ்வின் பாஸ்பேட்டில் ஒரு நேர்மின்னூட்டத் துண்டை ஒட்டவைப்பது. தோலை முழுவதுமாக மாற்றுவது ஒரு நொதியை மாற்றுவதைவிடச் சிரமம், நேரம் பிடிக்கும் என்பதுவரை சரி. அதற்கு மேல் சொல்வது விளம்பரம்.

நம் செல்கள் மட்டும் என்ன பாவம் செய்தன?

எதிர்ப்பைவிடப் பெரிய தலைவலி, பாலிமர் நம் செல்களையும் கிழித்துவிடுமோ என்பது. நல்லவேளையாக, நம் செல் சவ்வின் வெளிப்புறக் கொழுப்புகள் பெரும்பாலும் மின்சமநிலை கொண்டவை. கொலஸ்டிரால் வேறு இருந்து சவ்வைக் கெட்டிப்படுத்துகிறது. அதனால் நேர்மின்னூட்டப் பாலிமர் பாக்டீரியாவைத் தேடிப் போவதுபோல நம்மைத் தேடி வராது. ஆனால் வரவே வராது என்று சொல்ல முடியாது. நம் செல்களின் மேலும் எதிர்மின்னூட்டமுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. எண்ணெய்த்தன்மையோ ஆள் பார்ப்பதில்லை. எந்தச் சவ்வானாலும் நுழையும். வாலின் அளவைக் கூட்டினால் பாக்டீரியா வேகமாகச் சாகும், இரத்தச் சிவப்பணுவும் சேர்ந்து உடையும்.

இதனால்தான் இத்துறையில் எந்த ஆய்வைப் படித்தாலும் இரண்டு அளவுகளைச் சேர்த்துப் பார்க்கவேண்டும்: பாக்டீரியாவின் வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவு ஒன்று, சிவப்பணுக்களில் பாதியை உடைக்கும் செறிவு மற்றொன்று. இரண்டுக்கும் இடைவெளி எவ்வளவு அகலமோ அவ்வளவு நம்பிக்கை. முதல் எண்ணை மட்டும் தந்துவிட்டு இரண்டாவதைப் பற்றி வாய் திறக்காத செய்தியை நான் பொருட்படுத்துவதில்லை. பினாயிலும் பாக்டீரியாவைக் கொல்லும்தானே!

இன்னொரு தடை இரத்தம். அதில் மிதக்கும் அல்புமின் போன்ற புரதங்கள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஊசியில் ஏற்றிய நேர்மின்னூட்டப் பாலிமர், பாக்டீரியாவைப் பார்ப்பதற்கு முன்பே இந்தப் புரதங்களிடம் சிக்கிக்கொள்ளலாம். குடுவையில் சூரனாக இருந்த பல பாலிமர்கள் சீரம் கலந்ததும் சுருண்டுவிடுவது இதனால்தான்.

தீர்வாகச் சில உபாயங்கள் உண்டு. நுனிகளில் சிலவற்றைப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற சாதுவான சங்கிலியால் மூடிவிடுவது ஒன்று. 2007இல் வந்த ஓர் ஆய்வில் ஐந்தாம் தலைமுறை பமாமின் நுனிகளில் வெறும் 6 சதவீதத்தை இப்படி மூடியதுமே கண்ணின் கார்னியா செல்கள் மீதான நச்சுத்தன்மை பெருமளவு குறைந்தது. சூடோமோனாஸைக் கொல்லும் திறனுக்குப் பங்கமில்லை. ஆனால் ஸ்டாஃபிலோகாக்கஸை எதிர்க்கும் திறன் விழுந்துவிட்டது. ஒன்றைக் கட்டினால் இன்னொன்று அவிழும் இந்த இழுபறிதான் இத்துறையில் தினசரி வேலை.

கொல்லாமலே உதவுவது

என் கணிப்பில், இத்துறையின் மிகச் சுவாரசியமான யோசனை கொல்வதைப் பற்றியதே அல்ல. அமெரிக்காவின் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் ரைஸ் குழு எடுத்துக்கொண்டது பாலிஎத்திலீனிமைன் என்ற கிளைவிட்ட பாலிமரை. காகிதத் தொழிற்சாலைகளிலும், செல்லுக்குள் மரபணுவை நுழைக்கும் ஆய்வகங்களிலும் நெடுநாளாகப் புழங்குவது அது. மரபணு வேலைக்கு எடுக்கும் வகையின் மூலக்கூறு எடை 25,000 அளவில் இருக்கும். அது செல்களுக்கு நஞ்சு. இவர்கள் எடுத்ததோ வெறும் 600 எடையுள்ள குட்டி வகை.

எம்ஆர்எஸ்ஏ கிராம்-பாசிடிவ் வகை. அதற்கு வெளிச்சவ்வு கிடையாது. தடித்த சுவர் உண்டு. அந்தச் சுவரில் டீகோயிக் அமிலம் என்ற எதிர்மின்னூட்டச் சங்கிலிகள் நிறைந்திருக்கின்றன. பென்சிலினுக்குச் சிக்காமல் சுவர் கட்டும் அந்த மாற்று நொதி ஒழுங்காக வேலை செய்ய இந்தச் சங்கிலிகள் இருந்தாகவேண்டும். குட்டிப் பாலிமர் போய் அவற்றோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த அளவில் அதற்குப் பாக்டீரியாவைக் கொல்லும் வலு இல்லை. ஆனால் மாற்று நொதி தடுமாறுவதால், பயனற்றுப் போயிருந்த ஆக்சசிலின் போன்ற பழைய மருந்து மறுபடியும் பலிக்கத் தொடங்குகிறது.

இந்த வழியில் பாலிமர் தானே எல்லாவற்றையும் செய்யவேண்டியதில்லை என்பதால் அளவைக் குறைவாக வைத்துக்கொள்ளலாம். பல பத்தாண்டுகளாக மனிதர்களுக்குக் கொடுத்துப் பழகிய, மலிவான மருந்துகளுக்கு மறுவாழ்வும் கிடைக்கும். ஆனால் பாலிஎத்திலீனிமைன் உடலில் சிதையாது என்ற சிக்கல் இதற்கும் உண்டு; அதன் நச்சுத்தன்மையைத் தணிக்க அதே குழு அதற்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் சங்கிலிகளைக் கட்டிப் பார்த்தது. லைசினால் ஆன பாலிமர்களுக்கு இந்தக் கவலை குறைவு. உடலின் நொதிகளுக்கு அவற்றை நறுக்கத் தெரியும்.

மருந்துக்கடையில் இவற்றில் ஏதாவது கிடைக்கிறதா என்றால், ஒன்று கிடைக்கிறது. அதுவும் வேடிக்கையாக, நேர்மின்னூட்டம் உள்ளதல்ல. மெல்போர்னின் ஸ்டார்ஃபார்மா நிறுவனம் உருவாக்கிய ஆஸ்டோட்ரைமர் என்ற டென்ட்ரிமர், லைசினால் கட்டிய கிளைகளின் நுனிகளில் 32 எதிர்மின்னூட்டத் தொகுதிகளைச் சுமக்கிறது. பெண்களுக்கு வரும் பாக்டீரியல் வஜினோசிஸ் என்ற தொற்றுக்கான ஜெல்லாக ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையில் இருக்கிறது. அமெரிக்கா கூடுதல் சான்று கேட்டு அனுமதியை மறுத்துவிட்டது. இது பாக்டீரியாவின் தோலைக் கிழிப்பதில்லை. அவை திசுவில் ஒட்டிக் கூட்டமாகப் படர்வதைத் தடுக்கிறது. பூசிய இடத்திலேயே நிற்கிறது, இரத்தத்துக்குள் போவதில்லை. மேலே சொன்ன அல்புமின், சிறுநீரகத் தொல்லைகள் எல்லாவற்றையும் அது சுற்றிக்கொண்டு போய்விடுவது இதனால்தான். புண், கண், சிறுநீர்க் குழாய், காயக்கட்டு என்று வெளியே தொடக்கூடிய இடங்களில்தான் இந்த வகைப் பொருள்கள் முதலில் நுழையும் என்று நினைக்கிறேன். இரத்தத்தில் ஊசியாக ஏற்றும் ஆன்டிபயாடிக் ஒன்றுகூட இந்தக் குடும்பத்திலிருந்து இதுவரை அனுமதி பெறவில்லை.

தாமதத்துக்கு அறிவியலைத் தாண்டிய காரணமும் உண்டு. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, "இந்தப் புட்டியில் இருப்பது என்ன மூலக்கூறு?" என்று கேட்டால் பென்சிலின் தயாரிப்பவர் ஒரே வாய்பாட்டை எழுதிக் காட்டிவிடுவார். நட்சத்திர பாலிமர் தயாரிப்பவர் ஒரு சராசரியைத்தான் காட்ட முடியும். ஒரு மூலக்கூறின் கரம் சற்று நீளம், இன்னொன்றின் கரம் சற்றுக் குட்டை. இந்த மாதத் தயாரிப்பும் அடுத்த மாதத் தயாரிப்பும் ஒரே மருந்துதான் என்று நிரூபிப்பதற்கே தனி உழைப்பு வேண்டும். ஒரே மாதிரி மூலக்கூறு வேண்டுமென்றால் டென்ட்ரிமருக்குப் போகவேண்டும்; அதன் விலை தெரிந்ததுதான்.

கிளை நுனிகளை வைத்து நோயைக் கண்டறியவும் ஒரு முயற்சி நடக்கிறது. பிரிட்டனில் ஸ்டீபன் ரிம்மரும் கூட்டாளிகளும் வெப்பத்துக்குச் சுருங்கும் ஒரு கிளைப் பாலிமரின் நுனிகளில் வேன்கோமைசினைக் கட்டினார்கள். வேன்கோமைசின் கிராம்-பாசிடிவ் கிருமியின் சுவரைப் பிடிக்கக்கூடியது. ஸ்டாஃபிலோகாக்கஸில் நுனிகள் மாட்டிக்கொண்டதும், விரிந்திருந்த பாலிமர் சட்டென்று சுருண்டு கிருமியைத் தன்னோடு இழுத்துக் கட்டிவிடுகிறது. 2010இல் இதை வெளியிட்டார்கள். நுனியில் கோலிஸ்டின் குடும்பத்துப் பாலிமிக்சினை மாற்றினால் கிராம்-நெகடிவ் கிருமி, பூஞ்சைக்கான மருந்தான ஆம்போடெரிசினை மாற்றினால் பூஞ்சை என்று பிடிக்கும் ஆளை மாற்றலாம். இந்தப் பாலிமரை மெல்லிய படலமாக்கிக் கண்ணில் சிறிது நேரம் வைத்து எடுத்து, கார்னியாப் புண்ணுக்குக் காரணம் எது என்று பார்ப்பதற்கான ஆய்வில் ஹைதராபாதின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனமும் சேர்ந்துகொண்டது. அறுவடையில் நெல்லின் முனையோ தாள் தூசியோ கண்ணில் பட்டு வரும் புண்களில், தென்னிந்தியாவில் பாக்டீரியாவைப் போலவே பூஞ்சையும் பெரும் பங்கு வகிக்கிறது. கண்ணைச் சுரண்டி மாதிரி எடுத்து வளர்த்துப் பார்க்க நாள் கணக்கில் ஆகும். அதுவரை மருத்துவர் ஊகித்துத்தான் சொட்டு மருந்து எழுதவேண்டியிருக்கிறது. காரணம் பூஞ்சை என்று அன்றைக்கே தெரிந்தால், அந்த நோயாளிக்கு ஆன்டிபயாடிக் எழுதவேண்டிய அவசியமே இராது.